கூக்கால் பக்கம்: மலையூரிலிருந்து இளைஞர் அரசியலை எழுதுவது

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகப் போகும் மலைச்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது கூக்கால். ஓர் ஏரி, அதை ஒட்டிய சோலைக்காடு, சரிவெல்லாம் படிப்படியாய்ப் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். இணையத்தில் ஊர்ப்பெயரைத் தட்டினால் கூடாரம் போட இடம், ஏரி தெரியும் விடுதி, டிரோன் பறக்கவிட்டு எடுத்த ரீல்ஸ் என்று வரிசையாக வந்து விழும். போட்டவர்களில் பெரும்பாலானோர் இரண்டு நாள் தங்கிப் போனவர்கள். அங்கேயே விதைத்து, அங்கேயே வாக்களிப்பவர்கள் எழுதியதைத் தேடினால் கையில் அகப்படுவது சொற்பம்.

ஊரின் அரசியலும் அப்படித்தான், யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. சட்டமன்றத்துக்குக் கூக்கால் பழனித் தொகுதியோடு சேர்கிறது, மக்களவைக்குத் திண்டுக்கல். தொகுதியின் வாக்குகளில் பெரும்பங்கு அடிவாரத்தில் இருப்பதால், பிரசார மேடைகளும் அடிவாரத்துச் சங்கதிகளையே பேசுகின்றன. பூண்டு விலையும், காட்டுமாடு மேய்ந்துபோன வயலும் வேனிலிருந்து சொல்லும் ஒற்றை வாக்கியத்தில் கடந்துவிடும். உள்ளாட்சியாவது பக்கத்தில் இருக்கிறதா என்றால், 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 உடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. வார்டு உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இடமில்லாமல் போனது. ஊருக்கென்று ஓர் அரசியல் பக்கம் தேவைப்படுவது இப்படிப்பட்ட காலத்தில்தான்.

இந்த அத்தியாயம் அந்தப் பக்கத்தைத் தொடங்க நினைக்கும் 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கானது. வாக்குரிமை வயது 21இலிருந்து 18 ஆனது 1989இல். அரசியல் சட்டத்தின் 61ஆவது திருத்தம் அதைச் செய்தது. ஊராட்சித் தேர்தலில் நிற்க 21 நிரம்பினால் போதும். சட்டமன்றத்துக்கு 25 ஆகவேண்டும். ஆக, கல்லூரி முடித்துவிட்டு ஊர் திரும்பும் ஒருவர் ஊராட்சி மன்றத் தலைவர் பதவிக்கே நிற்கலாம். இதை ஊரில் எத்தனை பேர் அறிவார்கள் என்று விசாரித்துப் பார்ப்பதே முதல் பதிவுக்கான விஷயமாகிவிடும்.

பாதரசம் சொல்லிக்கொடுத்தது

இணையத்தில் அரசியல் எழுதினால் ஏதாவது நடக்குமா என்ற கேள்விக்கு, இதே மலையிலேயே ஒரு பதில் இருக்கிறது. அதை முழுதாகத் தெரிந்துகொள்ளாதவர்கள் பாதிப் பாடத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த வெப்பமானி ஆலை ஒன்று 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்த ஆலை, 1987இல் யூனிலீவர் குடும்பத்துக்குள் வந்தது. இந்தியாவில் இந்துஸ்தான் லீவர் நடத்தியது. பாம்பார் சோலைக்கு மேலே, சரிவின் விளிம்பில் ஆலை. கண்ணாடிக் குழாயில் பாதரசம் அடைத்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது தொழில். 2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த வெப்பமானிக் கழிவு குவிந்து கிடந்ததைப் பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் அம்பலப்படுத்தின. 7.4 டன் என்றது கிரீன்பீஸ். அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

ஆலையில் வேலை பார்த்தவர்களின் உடம்பு மட்டும் திருப்பி அனுப்ப முடியாததாக இருந்தது. நடுக்கம், சிறுநீரகக் கோளாறு, கருச்சிதைவு என்று அவர்கள் முறையிட்டார்கள். ஆலைக்கும் இந்த நோய்களுக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் திரும்பத் திரும்பச் சொன்னது. முன்னாள் தொழிலாளர்கள் சங்கம் வைத்து 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். அப்புறம் வாய்தா, குழு, அறிக்கை, மீண்டும் வாய்தா. சென்னையில் நித்தியானந்த் ஜெயராமன் போன்ற சூழலியல் எழுத்தாளர்கள் ஆண்டுக்கணக்கில் இதைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார்கள். படித்தவர்கள் படித்தார்கள், அவ்வளவுதான்.

2015 ஜூலை 30. சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோபியா அஷ்ரப், 'கொடைக்கானல் வோண்ட்' என்ற காணொளியில் பாடினார். அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜின் பிரபலமான பாட்டு மெட்டு, அதில் கொடைக்கானலின் வழக்கு. ஜட்கா என்ற பிரசார அமைப்பும் சென்னையின் வெட்டிவேர் கலெக்டிவும் பின்னால் நின்றன. சில நாளில் பார்வைகள் 10 லட்சத்தைத் தாண்டின. நிக்கி மினாஜே ட்விட்டரில் பகிர்ந்தார். யூனிலீவரின் அன்றைய தலைமை நிர்வாகி பால் போல்மன் ட்விட்டரிலேயே பதில் சொல்லும் நிலை வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

இந்தக் கதையைக் கேட்கும் இளைஞர்கள் பலர் 'நாமும் ஒரு வைரல் வீடியோ போட்டால் போதும்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கணக்கைக் கொஞ்சம் கவனித்துப் போடவேண்டும். காணொளி வெளியான அன்று வழக்குக்கு வயது ஒன்பது. ஆலை மூடி 14 ஆண்டு. பாட்டுக்குப் பின்னால் தொழிலாளர்களின் பெயர்ப்பட்டியல், மருத்துவக் குறிப்புகள், நீதிமன்ற ஆவணங்கள், ஆய்வறிக்கைகள் என்று ஒரு மூட்டைக் காகிதம் தயாராக இருந்தது. உலகமே திரும்பிப் பார்த்த வாரத்தில், 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுக்கக் கையில் சரக்கு இருந்தது. தொழிலாளர் சங்கம் என்ற ஒன்று இருந்ததால்தான் நிறுவனம் உட்கார்ந்து பேச எதிரில் ஆள் இருந்தார்கள். காகிதமும் சங்கமும் இல்லாத பாட்டு அந்த ஆகஸ்ட் மாதத்தோடு மறந்துபோயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இழப்பீடு முடிந்தது, மண்ணைச் சுத்தம் செய்யும் பிரச்சினை முடியவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவுகோல் போதாது, பணக்கார நாட்டில் என்றால் இதை ஒப்புக்கொள்வார்களா என்று எதிர்த்தவர்கள் 2018இல் இன்னொரு காணொளி கொண்டுவந்தார்கள். இந்த முறை கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து பாடினார். முதல் காணொளி அளவுக்கு அது பரவவில்லை. நோய்வாய்ப்பட்ட மனிதர்கள் என்றால் பார்ப்பவர் மனம் உடனே இரங்குகிறது. மில்லிகிராம் கணக்குக்கு அப்படி இரங்குவதில்லை. எழுத வருகிறவர்கள் இந்த வித்தியாசத்தை ஆரம்பத்திலேயே மனதில் குறித்துக்கொள்வது நல்லது.

எதை எழுதுவது

புதிதாகத் தொடங்கும் அரசியல் பக்கங்கள் பெரும்பாலும் ஒரே பள்ளத்தில் விழுகின்றன. சென்னையிலோ டெல்லியிலோ நடப்பதற்குக் கருத்துச் சொல்லித் தொடங்குகின்றன. அதைச் சொல்ல ஆயிரம் யூடியூப் சேனல்கள் இருக்கின்றன. கூக்காலிலிருந்து சொன்னால் அதில் கூடுதலாக என்ன இருக்கப்போகிறது? கூக்கால்காரர் மட்டுமே எழுதக்கூடியது கூக்காலில் நடப்பதைத்தான்.

பூண்டை எடுத்துக்கொள்வோம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் குறியீட்டால் விளைவித்தவர் கைக்கு எவ்வளவு கூடுதலாக வந்தது? மலைப்பூண்டு பெரியகுளம் பக்கத்து வடுகபட்டி மண்டிக்கு இறங்குகிறது. ஒவ்வொரு சந்தை நாளும் அங்கே என்ன விலைக்குப் போனது, வண்டி வாடகை எவ்வளவு, தரகு எவ்வளவு, மூட்டைக்குக் கழிவு எவ்வளவு என்று நான்கு எண்களை மட்டும் விடாமல் ஓர் ஆண்டு பதிவு செய்யும் பக்கம், எந்தக் கட்சி மேடையையும்விட அழுத்தமான அரசியல் பேசும். விவசாயிகள் தினமும் வந்து பார்ப்பார்கள் என்பது உபரி லாபம். அரசியலில் ஆர்வமே இல்லாத பெரியவர்கூட விலை பார்க்க வந்து, பக்கத்திலிருக்கும் கிராம சபை அறிவிப்பையும் படித்துவிட்டுப் போவார்.

கிராம சபைதான் அடுத்த சுரங்கம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்காக இருந்ததை 2022இல் ஆறாக்கினார்கள். குறைவெண் வரம்பும் உண்டு; மக்கள்தொகை 501 முதல் 3,000 வரையுள்ள ஊராட்சியில் 100 பேர் வந்திருக்கவேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு முடிப்பது பல ஊர்களில் வாடிக்கை. வரவுசெலவு வாசிக்கப்பட்டதா, என்னென்ன தீர்மானம் வந்தது, யார் எதிர்த்தார்கள், போன கூட்டத்தின் தீர்மானம் என்ன ஆனது என்று அன்றிரவே 300 சொல்லில் எழுதிப் போட்டால், ஆறே பதிவில் ஓராண்டு ஊர் வரலாறு சேர்ந்துவிடும். ஊராட்சிக் கணக்குகளை மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்திலும் பார்க்கலாம். அங்கே காட்டும் வேலையையும் தெருவில் இருக்கும் வேலையையும் ஒரே பதிவில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்குப் பெரிய எழுத்துத் திறமை வேண்டியதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2005) இந்த வேலைக்குப் பத்து ரூபாய் ஆயுதம். தமிழ்நாட்டில் மனுவோடு 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் வரவேண்டும். அலுவலகம் மாறிப் போய்விட்டாலும் கவலையில்லை, பிரிவு 6(3)இன்படி உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்பவேண்டும். 'ஏன் சாலை போடவில்லை?' என்று கேட்டால் பதில் வராது. சட்டம் காரணம் சொல்லச் சொல்லவில்லை, ஆவணம் தரச் சொல்கிறது. 'இந்தச் சாலைக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவைப் புத்தகத்தின் நகல்' என்று கேட்கவேண்டும். அளவைப் புத்தகத்தில் எத்தனை மீட்டர், எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று எழுதியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு டேப்போடு சாலைக்குப் போகலாம்.

நடையும் இதிலிருந்தே வருகிறது. ஒரே விஷயத்தைப் பற்றிய இரண்டு மாதிரிப் பதிவுகள்:

"மலை மக்களை மறந்த அதிகாரிகளே! இன்னும் எத்தனை நாள் இந்தத் துரோகம்? தூங்கியது போதும், விழித்தெழுங்கள்!"

"ஒன்றிய அலுவலகத்தில் நாங்கள் கொடுத்த மனு இது. ஒப்புகைச் சீட்டு இது. சட்டம் சொல்லும் 30 நாள் இன்றோடு முடிகிறது. பதில் இல்லை. மேல்முறையீடு நாளை தபாலில் போகிறது, அதன் நகலும் இங்கே வரும்."

முதலாவதைப் படித்தவர் ஒரு சிவப்பு முகத்தை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுவார். இரண்டாவதைப் படித்தவருக்கு அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள மறுநாளும் வரவேண்டியிருக்கும். அலுவலகத்தில் இருப்பவருக்கோ முதலாவது வெறும் சத்தம்; இரண்டாவது கோப்பில் ஏறும் தேதி.

எதை எழுதக்கூடாது என்பதற்கும் மலைக்கென்று தனிப் பட்டியல் உண்டு. சோலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையின் வரைபடத்தைப் போடவேண்டாம். கொடைக்கானல் வனஉயிரினச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது, அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு வரும் கூட்டம் விட்டுப்போகும் பிளாஸ்டிக்கையும் ஊர்தான் பொறுக்கவேண்டும். பழனி மலைத்தொடரில் வாழும் பளியர் மக்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் படத்தைக் கேட்காமல் எடுத்துப் 'பாவம்' என்று தலைப்பு வைப்பதைவிட, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராம சபையில் அவர்கள் கொடுத்த உரிமைக் கோரிக்கை எந்த நிலையில் நிற்கிறது என்று எழுதுவது மரியாதை. அந்தக் கோரிக்கையைத் தொடங்கிவைக்கும் அதிகாரம் கிராம சபைக்கே இருக்கிறது.

கூட்டம் சேர்ப்பது

தமிழில் இணைய அரசியலுக்கு இருபது வயது கடந்துவிட்டது. 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியைத் தொடங்கினார். அங்கங்கே சிதறிக் கிடந்த வலைப்பூக்கள் ஒரே முற்றத்தில் வந்து விழுந்தன. ஈழம், சாதி, இடஒதுக்கீடு, பெண்ணியம் எல்லாவற்றுக்கும் அங்கே சண்டை நடந்தது. ஒரு பதிவுக்கு நூற்றுக்கணக்கில் பின்னூட்டம் விழும். அதில் பாதி 'கும்மி' என்று பெயர் வாங்கிய வெட்டி அரட்டை. அந்தக் காலத்துப் பதிவர்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள், ஆனால் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். காரணம், அவர்கள் நேரில் சந்தித்தார்கள். மெரினாவில் காந்தி சிலைக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து நடந்த பதிவர் சந்திப்புகள், முந்தின நாள் திரையில் கடித்துக் குதறிக்கொண்ட இருவரை ஒரே சுண்டல் பொட்டலத்தில் கைவைக்க வைத்தன.

2011 ஜனவரியில் தமிழக மீனவர்கள் கடலில் கொல்லப்பட்டபோது இந்தப் பழக்கம் கைகொடுத்தது. பதிவர்களும் ட்விட்டர் பயனர்களும் 'டிஎன்ஃபிஷர்மேன்' என்ற குறிச்சொல்லில் ஒன்றுகூடி, வடநாட்டு ஊடகங்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அதைப் பரப்பினார்கள். ஹேஷ்டேக் என்ற சொல்லே அன்று பலருக்குப் புதிது.

கிராமத்துக் குழு இதிலிருந்து ஒரு விஷயத்தில் அடியோடு மாறுபடும். நகரத்து இணையத்தில் எதிரே எழுதுபவர் முகம் தெரியாதவர். கூக்கால் வாட்ஸ்அப் குழுவில் எதிரே எழுதுபவர் பக்கத்து வயல்காரர், அத்தை மகன், கடன் கொடுத்தவர், கோயில் வரி வசூலிப்பவர். அவரை 'பிளாக்' செய்துவிட்டு அடுத்த நாள் அதே பேருந்தில் ஏறவேண்டும். ஆகவே, குழுவை நடத்துபவருக்கு மட்டுறுத்தல் விதிகள் அரைப்பங்கு, உறவுமுறை தெரிந்து பேசுவது அரைப்பங்கு. பொய்ச் செய்தி ஒன்று வந்து விழுந்ததும் குழுவிலேயே திருத்துவதைவிட, போன் போடுவதே வேலைக்காகும்.

"மாமா, அந்த வீடியோ நம்ம பக்கம் எடுத்தது இல்ல, வடக்க எங்கயோ நடந்தது. நீங்களே எடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்."

"அப்டியா மாப்ள? திருப்பூர்ல இருந்து தம்பி அனுப்பிவிட்டான், நானும் போட்டுவிட்டேன். இரு, எடுத்துர்றேன்."

முகத்துக்கு நேரே தோற்கடிக்கப்படாத மாமா, அடுத்த முறை எதையும் போடுமுன் ஒரு தடவை யோசிப்பார். சில சமயம் தானே போன் செய்து 'இது நெசமா?' என்று கேட்பார். பொது இடத்தில் மூக்கறுபட்ட மாமா வேறு குழு தொடங்குவார்.

சாதிக்கு மட்டும் இந்தத் தாட்சண்யம் கூடாது. சாதிப் பெயரைச் சொல்லி ஏசும் ஒரு செய்தி நின்றுவிட்டால், ஊரில் ஒரு தெருவே அந்தக் குழுவிலிருந்து சத்தமில்லாமல் விலகிவிடும். எண்ணிக்கையில் அது தெரியாது. பேச்சு நின்றுபோவதில் தெரியும். அதை உடனே நீக்கி, நீக்கியதைக் குழுவில் அறிவிக்கவேண்டும். உறவுக்காரர் என்றால் இன்னும் சீக்கிரம்.

பெண்கள் வராத இளைஞர் அரசியல் பாதி ஊரின் அரசியல். தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஊர்க் குழுக்களிலோ பெண் பெயர்கள் தேடவேண்டியிருக்கிறது. தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் எளிமையானது: வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் கைப்பேசி எண் எல்லோருக்கும் தெரியும், இரவு பத்து மணிக்கு 'ஹாய்' வரும். வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவர் எண் மற்றப் பின்தொடர்பவருக்குத் தெரியாது. செய்திக்குச் சேனல், விவாதத்துக்குச் சிறு குழு என்று பிரித்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். நிர்வாகிகளில் பாதிப் பேர் பெண்களாக இருந்தால் மீதியும் குறையும்.

சந்திப்பு இங்கேயும் தேவை. ஊரைவிட்டுப் படிக்கவும் வேலைக்கும் போனவர்கள் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் திரும்பி வருவார்கள். அதையொட்டி ஒரு மாலை. மைக் வேண்டாம், பேனர் வேண்டாம், சிறப்பு விருந்தினர் அறவே வேண்டாம்.

கூட்டம் பெரிதானால்

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் அந்தத் தடையை எதிர்த்து அலங்காநல்லூரில் கூடியவர்களைப் போலீஸ் அப்புறப்படுத்தியதும், பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் செய்தி பறந்தது. 17ஆம் தேதி மெரினாவில் சேர்ந்த சில நூறு பேர் இரண்டு நாளில் கடற்கரையை நிறைத்தார்கள். மீம் போட்டுக் கலாய்த்துக்கொண்டிருந்த பக்கங்கள் ஒரே இரவில் தண்ணீர் பாட்டிலுக்கும் கழிப்பறைக்கும் வழி சொல்லும் அறிவிப்புப் பலகைகளாயின. 21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. வென்றாகிவிட்டது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 'கலைந்து செல்லலாம்' என்று சொல்லும் அதிகாரம் பெற்றவர் யாரும் கூட்டத்தில் இல்லை. தலைவர் இல்லை என்பதையே பெருமையாகக் கொண்டிருந்த கூட்டம் அது. அவசரச் சட்டம் போதும் என்றவர்கள் ஒரு பக்கம், நிரந்தரச் சட்டம் வரும்வரை நகரமாட்டோம் என்றவர்கள் ஒரு பக்கம். 23ஆம் தேதி சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றிய அதே நாளில் மெரினாவில் தடியடியும் தீயும். அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு சொன்னபோது, அன்று மணலில் படுத்துக் கிடந்தவர்களில் பலருக்கு வயது முப்பதைத் தொட்டிருக்கும்.

நேபாளத்தில் 2025 செப்டம்பரில் சமூக ஊடகத் தடையை எதிர்த்து இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். முதல் நாளே துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். மறுநாள் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். அடுத்து யார் என்ற விவாதமும் வாக்கெடுப்பும் டிஸ்கார்ட் செயலியில் நடந்தது. வீடியோ கேம் ஆடுபவர்கள் அரட்டை அடிக்கப் பயன்படுத்தும் அதே செயலி. முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கியின் பெயர் அங்கே மேலே வந்தது. செப்டம்பர் 12 அன்று அவர் இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்றார். அந்த அறையில் வாக்களித்தவர்களில் எத்தனை பேர் நேபாளத்தவர், எத்தனை பேர் வேடிக்கை பார்க்க வந்த வெளிநாட்டவர் என்று பிரித்துச் சொல்ல வழியில்லாததை அங்குள்ளவர்களே சுட்டிக்காட்டினார்கள்.

கூக்கால் குழுவுக்கு லட்சம் பேர் வரப்போவதில்லை. ஆனால் ஒரு பேருந்துக்காக நடக்கும் சாலை மறியலுக்கும் இதே கேள்விகள் உண்டு. அதிகாரி வந்து 'பேசலாம் வாங்க' என்றால் போகப்போவது யார்? எந்த உறுதிமொழி கிடைத்தால் எழுந்திருப்பது, வாய்வார்த்தையா, எழுத்தா? வெளியூர் ஆதரவாளர்களுக்கு இதில் வாக்கு உண்டா? இவற்றை மறியலுக்கு முந்தின இரவே ஐந்து வரியில் எழுதிக் குழுவில் பின் செய்து வைக்கவேண்டும். மறுநாள் வெயிலில் உட்கார்ந்துகொண்டு முடிவெடுப்பது நடக்காத காரியம்.

வக்கீல் வீட்டு வாசல்

பயமுறுத்துவதற்காக இல்லை, தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காக. 2012 அக்டோபரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவர், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றிய ட்வீட்டுக்காகக் கைதானார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அத்தோடு கைதுகள் நின்றுவிடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மதுக்கடைகளுக்கு எதிரான பாடல்களுக்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் கைதானார். 2017 நவம்பரில், நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததை ஒட்டி வரைந்த கேலிச்சித்திரத்துக்காக கார்ட்டூனிஸ்ட் பாலா கைதாகி மறுநாள் பிணையில் வந்தார்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. அவதூறுக்குப் பிரிவு 356, இரு பிரிவினரிடையே பகை வளர்ப்பதற்கு 196. ஊராட்சிப் பக்கம் நடத்துபவர் தினசரி எதிர்கொள்ளக்கூடியது 356தான். 'அவர் பணத்தைத் தின்றுவிட்டார்' என்பது குற்றச்சாட்டு. நிரூபிக்கும் சுமை எழுதியவர் தலையில் விழும். 'பணி ஆணையில் 200 மீட்டர் என்று இருக்கிறது. நாங்கள் அளந்தபோது 140 மீட்டர் இருந்தது. ஒப்பந்ததாரரிடம் கேட்டோம், பதில் தரவில்லை' என்பது அளவு. இரண்டும் படிப்பவர் மனதை ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகும், இரண்டாவதற்கு மட்டும் வழக்குப் போடுவது கடினம். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டோம் என்ற வரி எப்போதும் உண்மையாக இருக்கவேண்டும். போன் செய்த நேரத்தைக் குறித்து வைப்பது உதவும்.

தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரப் பதிவுகளுக்கு ஓய்வு. வேட்பாளரிடம் காசு வாங்கிக்கொண்டு போடும் எதுவும் விளம்பரம். அதற்கு முன்சான்று தேவை, செலவும் அவர் கணக்கில் ஏறும். அதைவிடச் சுருக்கமான வழி, வாங்காமல் இருப்பது.

சாவிக்கொத்து

மலையில் சிக்னல் எல்லா வளைவிலும் கிடைப்பதில்லை. ஆகவே பக்கம் முதலில் எழுத்தாக இருக்கட்டும், காணொளி பிறகு. படங்களைச் சுருக்கி ஏற்றினால் மெதுவான இணைப்பிலும் திறக்கும். சொந்த டொமைன் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் ஆகும். எட்டுப் பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம், வரவுசெலவைப் பக்கத்திலேயே போடலாம். கிராம சபையில் கணக்குக் கேட்பவர்கள் தங்கள் கணக்கை மறைத்தால் ஊர் சிரிக்கும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஆட்களைக் கூட்டிவரும் வாசல்கள். மனுக்களும் பதில்களும் விலைப் பதிவுகளும் இருக்கவேண்டிய இடம் சொந்தத் தளம். தமிழ்மணம் திரட்டிய வலைப்பூக்களில் பலவற்றின் முகவரி இன்று திறப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு முக்கியப் பதிவையும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமிப்பதோடு, ஆண்டுக்கொரு முறை அச்செடுத்துத் தைத்து ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு படி கொடுத்துவிடலாம்.

இளைஞர் குழுக்கள் நின்றுபோவதற்கு மிரட்டலைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. நடத்தியவருக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிடும், கடவுச்சொல் அவரோடு போய்விடும். இரட்டைச் சரிபார்ப்பு எண் அவருடைய பழைய சிம்முக்கு வரும், அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும். ஆகவே தொடங்கும்போதே மின்னஞ்சல் குழுவின் பெயரில் இருக்கவேண்டும். மீட்பு எண் ஊரிலேயே இருக்கப்போகும் ஒருவருடையதாக இருக்கவேண்டும். மூன்று பேரிடமாவது நிர்வாகி உரிமை இருக்கவேண்டும், அதில் ஒருவர் இன்னும் பிளஸ் டூ முடிக்காதவராக இருந்தால் உத்தமம். காப்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி வைக்கவேண்டும்; அது மூவரில் யார் வீட்டில் இருக்கிறது என்பதை மற்ற இருவரும் தெரிந்து வைத்திருக்கவேண்டும். ஆண்டுதோறும் மே மாதம், கல்லூரிச் சேர்க்கைக்கு ஆட்கள் ஊரைவிட்டுக் கிளம்புமுன், மே 1 கிராம சபைக் குறிப்பைப் பொறுப்பேற்கப் போகிறவரே எழுதி, அவரே தன் கைப்பேசியிலிருந்து ஏற்றிப் பார்க்கட்டும்.